பழைய இரும்புக்குப் புது மூளை

கண்ணு, தோப்பில் சப்மெர்சிபிள் பம்பு ரிப்பேர் ஆகி, மெக்கானிக் அதைப் போர்வெல்லில் இருந்து உருவி எடுத்துப் பிரித்துப் போடும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாயா? பெருமாட்டி, வண்டித்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பழகின காட்சிதான். நீளமான குழாய்க்குள் இருந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வட்டத் தட்டுகள் வெளியே வரும். உள்ளங்கை அகலம் இருக்கும். ஒவ்வொன்றிலும் வளைவு வளைவாக இதழ்கள். அதற்கு இம்பெல்லர் என்று பெயர். அது சுழன்றால்தான் தண்ணீர் மேலே ஏறும்.

இப்போது ஒரு கேள்வி. ஒரு பம்புக்குள் பத்து இம்பெல்லர் இருந்தால், பத்தும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றனவே. எப்படி?

"அச்சில் வார்த்திருப்பார்கள்" என்று சொல்ல வருகிறாய், இல்லையா? சபாஷ்! பிளாஸ்டிக் இம்பெல்லரை அப்படித்தான் செய்கிறார்கள். எஃகுக் கட்டிக்குள் இம்பெல்லரின் வடிவத்தைப் பள்ளமாகக் குடைந்து வைத்திருப்பார்கள். உருகிய பிளாஸ்டிக்கை அதற்குள் அழுத்தித் தள்ளுவார்கள். ஆறியதும் அச்சைத் திறந்தால் இம்பெல்லர் தயார். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை அதோடு நிறுத்தாது. "அப்படியானால் அந்த எஃகுக் கட்டியைக் குடைந்தது யார்?" என்று கேட்கும்.

குடைந்தது மில்லிங் மிஷின். அந்த மிஷினைப் பற்றித்தான் இன்று மாமா உன்னிடம் பேசப் போகிறேன். அதிலும் வயசான மிஷின்களைப் பற்றி.

மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து கோயம்புத்தூர் போகிறாய் என்று வை. கிணத்துக்கடவு தாண்டி, ஈச்சனாரி தாண்டி, சுந்தராபுரம் வரும்போது ஜன்னல் வழியாகப் பார். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை அந்தப் பக்கம்தான். பட்டறைகள் நிறைந்த இடம். ஊரே மோட்டாருக்கும் பம்புக்கும் பேர் போனது. இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுவதும் அந்த ஊரில்தான் பிறந்தது. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி.நாயுடுவும் சேர்ந்து செய்தது அது.

பட்டறைக்குள் மில்லிங் மிஷின் என்ன செய்கிறது? கனமான ஒரு மேஜை. அதன்மேல் வைஸில் இறுக்கிய எஃகுக் கட்டி. மேலே வேகமாகச் சுழலும் ஒரு கட்டர். மேஜை இடம் வலமாக நகரும். அதை எக்ஸ் என்பார்கள். முன்னும் பின்னும் நகரும். அது ஒய். கட்டர் மேலும் கீழும் போகும். அது இசட். இந்த மூன்று நகர்தலையும் சரியாகக் கலந்தால் பலவிதமான வளைவுகளைக் குடைந்துவிடலாம்.

புரிகிறதா? மூன்றே திசை. கலப்பதில்தான் வித்தை இருக்கிறது.

அந்தக் காலத்தில் மூன்று திசைக்கும் மூன்று கைச்சக்கரம் இருந்தது. தொழிலாளி அவற்றைச் சுற்றுவார். நேர்க்கோடு என்றால் ஒரு சக்கரம் போதும். வளைவு வந்தால் இரண்டு சக்கரத்தை ஒரே நேரத்தில், வேறு வேறு வேகத்தில் சுற்ற வேண்டும். நாள் முழுக்க அதைப் பிசகாமல் செய்ய யாரால் முடியும்?

இதே தலைவலி அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவருக்கு வந்தது. 1940-களில் அவர் ஹெலிகாப்டர் இறக்கைக்கு வேலை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவைக் காட்ட அவருக்குக் கொடுத்த வரைபடத்தில் 17 புள்ளிகள்தான் இருந்தன. நடுவில் எல்லாம் கையால் இழுத்து நிரப்பிக்கொள்ள வேண்டும். அவரோடு வேலை செய்த ஃபிராங்க் ஸ்டூலன், துளை அட்டையில் ஓடும் கணக்கு மிஷினை வைத்து 17-ஐ 200 புள்ளிகளாக்கினார். பிறகு மில்லிங் மிஷினிடம் மூன்று பேரை நிறுத்தினார்கள். ஒருவர் எண்களை உரக்கப் படிப்பார். இன்னொருவர் எக்ஸ் சக்கரத்தைச் சுற்றுவார். மூன்றாமவர் ஒய் சக்கரத்தைச் சுற்றுவார். இடம் வந்ததும் கட்டரை இறக்கி ஒரு வெட்டு. அடுத்த எண். அடுத்த வெட்டு.

நீயும் இரண்டு நண்பர்களும் இதைக் கட்டம் போட்ட தாளில் செய்து பார்க்கலாம். ஒருவர் எண் சொல்லட்டும். ஒருவர் ஸ்கேலைக் கிடையாக நகர்த்தட்டும். ஒருவர் பென்சிலைச் செங்குத்தாக நகர்த்திப் புள்ளி வைக்கட்டும். 200 வேண்டாம், 20 புள்ளி வைத்துப் பாருங்கள். பத்தாவது புள்ளிக்குள் சண்டை வந்துவிடும்.

"எண்ணைப் படிக்கிற வேலையையும் சக்கரம் சுற்றுகிற வேலையையும் மிஷினுக்கே கொடுத்துவிட்டால்?" என்று பார்சன்ஸ் யோசித்தார். 1949-இல் அமெரிக்க விமானப்படை அதற்குப் பணம் கொடுத்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடமும் இதில் இறங்கியது. 1952-இல் அந்த மிஷினை ஊருக்குக் காட்டினார்கள். காகித நாடாவில் போட்ட ஓட்டைகள்தான் கட்டளை. அதைப் படித்து மோட்டாரை ஓட்ட 292 வெற்றிடக் குழாய்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி மிஷினைவிடப் பெரிதாக இருந்தது!

இங்கே ஒன்றைக் கவனி. மிஷினைப் புதிதாகவா செய்தார்கள்? இல்லை. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்று ஏற்கெனவே இருந்த ஒரு மில்லிங் மிஷினை எடுத்து, அதில் மோட்டார்களையும் கட்டுப்பாட்டையும் பூட்டினார்கள். எண்ணைக் கேட்டு வேலை செய்த உலகத்தின் முதல் மில்லிங் மிஷினே, பழைய உடம்பில் புது மூளை வைத்ததுதான். இப்படிக் கம்ப்யூட்டர் எண்களைப் படித்து ஓட்டும் மிஷினைத்தான் இப்போது சிஎன்சி என்கிறார்கள். கோயம்புத்தூர் பட்டறையில் யாராவது பழைய சிஎன்சி மிஷினுக்குப் புது மூளை வைத்து ரெட்ரோஃபிட் செய்தால், "ஒட்டுப் போட்ட வேலை" என்று சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்.

சரி, மூளையை எதற்கு மாற்ற வேண்டும்?

ஒரு சிஎன்சி மிஷினுக்கு இரண்டு வயது உண்டு. உடம்புக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று. உடம்பு வார்ப்பிரும்பு. நாலைந்து டன் எடை வரும். எண்ணெய் தவறாமல் போட்டு, சுத்தமாக வைத்திருந்தால் முப்பது நாற்பது வருஷம் தாக்குப்பிடிக்கும். கட்டர் எஃகைக் கடிக்கும்போது வரும் அதிர்வை அந்த இரும்பு வாங்கி விழுங்கிவிடும். இப்போது அந்த மாதிரிக் கனமான வார்ப்பைப் புதிதாக வாங்கப் போனால் விலையைக் கேட்டுத் தலை சுற்றும்.

மூளைக்கு அவ்வளவு ஆயுசு இல்லை. அந்த மூளைக்குக் கண்ட்ரோலர் என்று பெயர். 1980-களிலும் 90-களிலும் வந்த கண்ட்ரோலரின் சர்க்யூட் போர்டில் சின்னச் சின்ன உருளையாகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வருஷம் ஆக ஆக அவற்றுக்குள் இருக்கும் திரவம் காய்ந்துபோகும். பழைய டிவி மாதிரியான திரை மங்கிப்போகும். மிஷினின் அளவுகளும் அமைப்புகளும் பேட்டரியை நம்பியிருக்கிற நினைவகத்தில் கிடக்கும். நீண்ட விடுமுறையில் பேட்டரி தீர்ந்துபோனால் எல்லாம் அழிந்துவிடும். திங்கட்கிழமை சுவிட்சைப் போட்டால் மிஷினுக்குத் தான் யார் என்றே தெரியாது! மாற்றுப் போர்டு கேட்டால், "அது வருவதை நிறுத்தி ரொம்ப நாளாச்சே" என்பார் கடைக்காரர்.

நினைவகம் என்றதும் ஒரு வேடிக்கை சொல்கிறேன். அந்தக் கால கண்ட்ரோலரின் நினைவகத்தை மீட்டரில் சொல்வார்கள். ஆமாம், துணி மாதிரி! 80 மீட்டர் நினைவகம் என்றால், 80 மீட்டர் காகித நாடாவில் எவ்வளவு எழுத்து கொள்ளுமோ அவ்வளவு. ஒரு மீட்டர் நாடாவில் கிட்டத்தட்ட 400 எழுத்து வரும். அப்படியானால் 80 மீட்டருக்கு எத்தனை? பெருக்கிப் பார். 32,000 எழுத்து. அவ்வளவுதான். உன் அம்மா போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோவை அதில் வைக்க முடியாது. இம்பெல்லர் மாதிரி வளைவுகளைக் குடையும் கட்டளைப் பட்டியலான புரோகிராமிலோ லட்சக்கணக்கில் எழுத்து இருக்கும். உடம்பில் தெம்பு இருந்தும் மிஷின் சும்மா நிற்பது இதனால்தான்.

இனி வேலையைப் பார்ப்போம். நல்ல மெக்கானிக் முதலில் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். உடம்பைத்தான் பரிசோதிப்பார். மேஜைமேல் ஒரு டயல் கேஜை வைப்பார். அது கடிகாரம் மாதிரி முள் உள்ள அளவுகோல். மேஜையைக் கொஞ்சம் வலப்பக்கம் ஓட்டி, பிறகு இடப்பக்கம் திருப்புவார். மேஜையைத் தள்ளும் திருகு சுற்றத் தொடங்கியும் முள் அசையாமல் நின்றால், திருகுக்கும் நட்டுக்கும் இடையில் தளர்வு இருக்கிறது. அதைத்தான் பேக்லாஷ் என்கிறார்கள். அது கொஞ்சமாக இருந்தால் சரிசெய்யலாம். அதிகமாக இருந்தால் பால் ஸ்க்ரூ என்ற அந்தத் திருகையே மாற்ற வேண்டும். மேஜை வழுக்கி ஓடும் தடங்கள் குழி விழுந்து தேய்ந்திருந்தால் செலவு எங்கோ போய்விடும். அப்போது மிஷினை எடைக்குப் போடுவதே புத்திசாலித்தனம். பளபளக்கும் புதுத் திரையில் மயங்கி, தேய்ந்த உடம்புக்கு லட்சங்களைக் கொட்டுகிறவர்களும் உண்டு. மாமாவுக்கு அது சம்மதமில்லை.

உடம்பு தேறியாச்சு என்றால், பழைய வயர்களை எல்லாம் படம் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டிப் பிறகு கழற்றுவார்கள். கார்பன் பிரஷ் தேய்கிற பழைய டிசி மோட்டார்கள் போய், பிரஷ் இல்லாத ஏசி சர்வோ மோட்டார்கள் வரும். புது மோட்டாரின் முகம் பழைய துளைகளில் உட்காராது. அதற்கு நடுவில் ஒரு தட்டைக் கடைந்து பொருத்த வேண்டும். அதே பட்டறையில் உள்ள லேத்தில் அந்தத் தட்டைக் கடைந்துகொள்வார்கள்.

ஒவ்வொரு சர்வோ மோட்டாரின் பின்னாலும் என்கோடர் என்ற ஒரு சின்னப் பெட்டி இருக்கும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணுவதுதான் அதன் வேலை. ஒரு முழுச் சுற்றில் 10,000 வரை எண்ணும் என்று வைத்துக்கொள். மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் பால் ஸ்க்ரூ மேஜையை 10 மில்லிமீட்டர் தள்ளும். அப்படியானால் ஒரு எண்ணிக்கைக்கு மேஜை எவ்வளவு நகரும்? மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மைக்ரான் என்று பெயர். உன் தலைமுடி ஒன்றின் பருமனே 70 மைக்ரான் அளவுக்கு வரும். இரும்பு மேஜை எவ்வளவு நுணுக்கமாக நகர்கிறது, பார்த்தாயா?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறோம். கொஞ்சம் மெதுவாகப் படி.

புரோகிராமில் ஒரு வரி இப்படி இருக்கும்: ஜி01 எக்ஸ்100 ஒய்50 எஃப்600. "எக்ஸில் 100, ஒய்யில் 50 என்ற இடத்துக்கு நேர்க்கோட்டில் போ. நிமிஷத்துக்கு 600 மில்லிமீட்டர் வேகத்தில் போ" என்று அர்த்தம். கம்ப்யூட்டர் இந்தக் கோட்டைச் சின்னச் சின்ன அடிகளாக நறுக்குகிறது. நிமிஷத்துக்கு 600 என்றால் நொடிக்கு 10 மில்லிமீட்டர். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டு நேரத்திலும் வெறும் 10 மைக்ரான் தூரம். அந்த ஒவ்வொரு அடியிலும் கம்ப்யூட்டர் என்கோடரைக் கேட்கிறது: "நீ இருக்க வேண்டிய இடம் இது. இப்போது எங்கே இருக்கிறாய்?" கொஞ்சம் பின்தங்கியிருந்தால் மோட்டாருக்குக் கூடுதல் விசை கொடுக்கிறது. முந்தியிருந்தால் குறைக்கிறது. நொடிக்கு ஆயிரம் தடவை இதே கேள்வி, இதே திருத்தம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பட்டம் விட்ட உனக்கு இது புதிதல்ல. கண் பட்டத்தைப் பார்க்கிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் கை நூலைச் சுண்டுகிறது. மறுபடி கண் பார்க்கிறது. மறுபடி கை திருத்துகிறது. புதிதாகப் பட்டம் விடும் தம்பியைப் பார்த்திருப்பாயே, பயந்துபோய் ரொம்பப் பலமாகச் சுண்டுவான். பட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைசுற்றி ஆடும். மெதுவாகச் சுண்டினாலோ பட்டம் தொய்ந்து தென்னை மரத்தில் மாட்டும். சர்வோ மோட்டாருக்கும் அப்படியே. திருத்தம் பலமாக இருந்தால் மோட்டார் ஊமென்று உறுமி நடுங்கும். பலம் போதாவிட்டால் வளைவுகளில் பின்தங்கி, மூலைகள் மழுங்கிப்போகும். நடுவில் ஒரு நல்ல அளவைக் கண்டுபிடிப்பதைத்தான் டியூனிங் என்கிறார்கள். அனுபவசாலி திரையையும் பார்ப்பார், மோட்டார்மேல் கையை வைத்தும் பார்ப்பார்.

ஒரு குறும்புக் கேள்வி. எங்கேயோ இரண்டு வயர் மாறிப்போய், இடப்பக்கத்தை வலப்பக்கம் என்று என்கோடர் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும்?

யோசி. அவசரமில்லை.

பட்டம் இடப்பக்கம் சாயும்போது கை அதை இன்னும் இடப்பக்கமே இழுத்தால் என்ன ஆகுமோ, அதுவேதான். திருத்தம் தப்பை வளர்க்கும். வளர்ந்த தப்புக்கு இன்னும் பெரிய திருத்தம். கண் இமைக்கும் நேரத்தில் அத்தனை எடையுள்ள மேஜை முழு வேகத்தில் ஓடிப்போய்க் கோடியில் மோதும். அதனால்தான் முதல் சோதனையில் மோட்டாரை மேஜையோடு இணைக்கவே மாட்டார்கள். மோட்டாரின் தண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுவார்கள். "10 மில்லிமீட்டர் போ" என்று கட்டளை கொடுப்பார்கள். கோடு சரியாக ஒரு சுற்று சுற்றி அதே இடத்தில் வந்து நின்றால் சரி. நிற்காமல் வெறிபிடித்துச் சுற்றினால் வயரை மாற்று. அதற்கப்புறம்தான் மேஜையோடு இணைப்பார்கள்.

அப்படியே ஓடினாலும் காப்பாற்ற ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. எமர்ஜென்சி ஸ்டாப். அதை அமுக்கினால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் நேராகத் துண்டிக்கப்படும். "நிறுத்தட்டுமா?" என்று அது கம்ப்யூட்டரிடம் அனுமதி கேட்காது. கேட்கவும் கூடாது. கம்ப்யூட்டரே தடுமாறியிருக்கும்போது அதைக் கேட்டு என்ன பயன்? இத்தனை லட்சம் ரூபாய் மிஷினில் மாமாவுக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் குமிழ்தான்.

கம்ப்யூட்டர் தடுமாறுமா என்கிறாய்? வீட்டுக் கம்ப்யூட்டர் சில நேரம் சின்ன வட்டத்தைச் சுற்றிக் காட்டி, "இரு, வருகிறேன்" என்று நம்மைக் காக்க வைக்கும். நமக்கு அது எரிச்சல், அவ்வளவுதான். எஃகைக் கடித்துக்கொண்டிருக்கும் கட்டருக்கு அது ஆபத்து. நொடிக்கு ஆயிரம் கேள்வி என்றால் ஒன்றைக்கூடத் தாமதிக்கக் கூடாது. அதற்கென்றே நேரம் தவறாமல் ஓடும் மென்பொருள் வேண்டும். 1990-களில் அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வுக்கூடமான நிஸ்ட் அப்படி ஒன்றைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓடும்படி எழுதியது. பான்டியாக் நகரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் பழைய கியர்னி அண்ட் ட்ரெக்கர் மிஷின் ஒன்றில் அதைப் பூட்டி ஓட்டியும் பார்த்தார்கள். பொதுமக்கள் பணத்தில் எழுதியது என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அது வளர்ந்து இன்று லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. பெரிய பட்டறைகள் பெரும்பாலும் ஃபேனுக், சீமென்ஸ் மாதிரிக் கம்பெனிகளின் கண்ட்ரோலர்களை வாங்கும். நடுராத்திரியில் மிஷின் நின்றால் கூப்பிட ஆள் வேண்டுமே! கையைச் சுருக்கிச் செலவு செய்கிறவர்களும், தானே கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களும் இலவச மென்பொருளை எடுப்பார்கள். உனக்கு எது பிடிக்கும் என்று மாமாவுக்குத் தெரியும்.

கடைசிப் பரீட்சை வட்டம். அலுமினியக் கட்டியை வைஸில் இறுக்கி, 100 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் வெட்டச் சொல்வார்கள். வட்டம் ஏன்? சுற்றி வரும்போது மேஜை நான்கு இடங்களில் திசை திரும்ப வேண்டும். வலது கோடி, இடது கோடி, முன் கோடி, பின் கோடி. தளர்வு மிச்சமிருந்தால் அந்த நான்கு இடத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மெக்கானிக், வெட்டும்போது சூட்டைத் தணிக்க ஊற்றிய கூலண்டைத் துடைத்துவிட்டு, வெட்டிய ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுப்பார். நகம் எங்கேயும் இடறாமல் வந்தால் முகத்தில் சிரிப்பு வரும். மூன்றாவது இடத்தில் "டக்" என்று தட்டினால் மறுபடி டயல் கேஜை எடுப்பார். நீ பட்டறைக்குப் போனால் மிஷின் நின்றிருக்கும்போது, பெரியவர்களைக் கேட்டுக்கொண்டுதான் கிட்டே போக வேண்டும், சரியா?

உனக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இன்னொரு மிஷினில் பால் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு மேஜையை 5 மில்லிமீட்டர்தான் தள்ளுகிறது. என்கோடர் அதே 10,000. ஒரு எண்ணிக்கைக்கு மேஜை எவ்வளவு நகரும்? அதே வேகத்தில் மேஜை ஓட வேண்டும் என்றால் மோட்டார் முன்னைவிட எத்தனை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும்? இரண்டு விடையையும் கண்டுபிடித்தால், கனமான மேஜைக்கு இந்த இரண்டு திருகில் எதை வைப்பாய், ஏன் என்றும் சேர்த்து எழுது.